ஃபோனுக்குப் பக்கத்தில் இருந்த சீட்டு

நீங்கள் என்றைக்கோ அழுதுகொண்டே சொன்ன ஒரு வாக்கியம், ஏழு வருஷம் கழித்துப் புத்தகத்தில் அச்சாகி வந்து, அதை வேறு ஒருத்தி எழுத்துக்கூட்டிப் படித்து உங்களிடமே அர்த்தம் கேட்டால், என்ன பதில் சொல்வீர்கள்?

ஹிலரி கையிலிருந்த சாக்பீஸைக் கரும்பலகையின் கீழ்ச்சட்டத்தில் வைத்தாள். அவ்வளவுதான்.

ஆனால் அதற்குள் போய்விட வேண்டாம். தொடரின் போன வாரப் பகுதியில் அவளை பஸ் ஸ்டாப்பில் விட்டிருந்தோம். அப்பா வில்ஃப்ரெட்டுக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கறை. ஓரத்தில் மட்டும்தான் கொஞ்சம் தெரிகிறது. அவருடைய அகராதியில் முதல் பாகம் இந்த வசந்தத்தில் வெளிவந்துவிட்டது. இரண்டாம் பாகத்துக்கு இன்னும் இருபதாயிரம் குறிப்புச் சீட்டு படிக்க வேண்டும். அதற்கு வேறு ஒருவருடைய கண் வேண்டும். "பிங்லிக்கே வந்துடு கண்ணு. உன் ரூம்ல இப்ப என் தையல் மெஷின் மட்டும்தான் இருக்கு. அதத் தூக்கி எறிஞ்சாப் போச்சு" என்று பிங்லியில் அப்பாவோடு இருக்கும் அம்மா பெரில் சொல்லியிருந்தாள். சனிக்கிழமை டீக்கு வரும்போது பதில் சொல்கிறேன் என்று ஹிலரி வாக்குக் கொடுத்திருந்தாள்.

பதில் என்னவென்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். கீத்லியில் அவள் குடியிருக்கும் ஒற்றை அறையை மாதக் கடைசியில் காலி செய்வதாக வீட்டுக்காரியிடம் வியாழக்கிழமையே சொல்லிவிட்டாள்.

அந்தப் பதில் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் மாறிப்போனது.

வில்ஃப்ரெட்டின் வேலையை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். இந்த இங்கிலாந்துக்காரர்கள் பெரிய வார்த்தைகளைப் பெட்டியில் பூட்டிவிட்டு, சின்ன வார்த்தைகளை வைத்தே வாழ்க்கை நடத்துகிறவர்கள். பஸ்ஸில் ஏறினாலும் 'கெட்', இறங்கினாலும் 'கெட்', பக்கத்து வீட்டுக்காரனோடு ஒத்துப்போனாலும் 'கெட்', புருஷன் செத்த துக்கத்திலிருந்து தேறினாலும் 'கெட்'. பின்னால் ஒட்டுகிற குட்டிச்சொல்தான் வேறு. நம் பேச்சில் பார் என்பது பார்த்துக்கொள் ஆகிறது, பார்த்துவிடு ஆகிறது இல்லையா, அந்த மாதிரி. அந்தக் குட்டிச்சொற்களை வால் என்பார் வில்ஃப்ரெட். எந்த வினைச்சொல்லுக்கு எத்தனை வால், எந்த வால் எந்த அர்த்தம் என்று இருபத்திரண்டு வருஷமாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

அதில் ஒரே ஒரு விதி. எடுத்துக்காட்டு வாக்கியத்தைக் கற்பனையாக எழுதக் கூடாது. யாராவது நிஜமாக எழுதியிருக்க வேண்டும், அல்லது நிஜமாகச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னதென்றால் கேட்டவுடன் எழுதிவிட வேண்டும். பத்து நிமிஷம் போனால் ஞாபகம் வாலை மாற்றிவிடும் என்பார். அதனால் அந்த வீட்டில் சாப்பாட்டு மேஜையில், கழிப்பறை ஜன்னலில், படுக்கைக்குப் பக்கத்தில், ஃபோனுக்குப் பக்கத்தில், எங்கே பார்த்தாலும் தபால் அட்டை அளவில் வெள்ளைச் சீட்டுக்கட்டும் ஒரு பேனாவும் இருக்கும்.

"சீட்டு எழுத ஆரம்பிச்ச புதுசுல நான் கோவத்துல கத்துனா, மனுசன் திருப்பிக் கத்தமாட்டான். 'அத இன்னொரு தடவ சொல்லு பெரில்'னு பேனாவத் தேடுவான்" என்று பெரில் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். கேட்கிறவர்களும் சிரிப்பார்கள்.

* * *

கீத்லி நூலகத்தின் மாடி அறையில் சனிக்கிழமைதோறும் ஹிலரி பெண்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். மில்லில் வேலை பார்க்கிறவர்கள், மில்லில் வேலை போனவர்கள். பதினொரு பேர். அன்றைக்கு முதல்முறையாக அப்பாவின் புத்தகத்தை வகுப்புக்குக் கொண்டுவந்திருந்தாள். கொஞ்சம் பெருமைதான்.

அன்றைய பாடம், பொறுத்துக்கொள் என்பதற்கு இந்த ஊரில் சொல்கிற 'புட் அப் வித்'.

"வை. மேல. கூட." பாகிஸ்தானின் மீர்ப்பூரிலிருந்து வந்த ஸுபைதா மூன்று விரலை ஒவ்வொன்றாக மடக்கினாள். "இந்த மூணையும் சேத்தா பொறுத்துக்கறதுன்னு எப்படி டீச்சர் வரும்? எத வெக்கறது? எதுக்கு மேல? யாரு கூட?"

"அதெல்லாம் கேக்கக் கூடாது ஸுபைதா. ஒரு மூட்டையத் தூக்கித் தலைமேல வெச்சுக்கிட்டு, அதோடயே நடந்து போறதா நெனச்சுக்கோங்க."

"அட, இது எங்க மாமியார் வீடு!"

அறையே சிரித்தது. ஹிலரியும் சிரித்தாள். புத்தகத்தை விரித்து ஸுபைதாவின் பக்கம் தள்ளினாள். "முதல் எடுத்துக்காட்டப் படிங்க."

ஸுபைதா விரலை வரிமேல் வைத்து நிதானமாகப் படித்தாள்.

"'என்னால இனி அவரப் பொறுத்துக்க முடியாதுப்பா…'" விரல் அடுத்த வரியைத் தேடிப் பிடித்தது. "'…பனி உருகுற வரைக்குங்கூட முடியாது.'"

ஹிலரிக்கு இடது காது கேட்காது. யார் பேசினாலும் வலது காதை அவர்கள் பக்கம் திருப்புவது அவள் பழக்கம். இப்போதும் திருப்பினாள்.

"இன்னொரு தடவ படிங்க."

ஸுபைதா படித்தாள். தவறில்லாமல் படித்தாள்.

"கதையில வர்றதா டீச்சர்?"

"இல்ல. நெஜமா ஒருத்தர் சொன்னது. இந்தப் புத்தகத்துல இருக்கற எல்லாமே நெஜமா யாராவது சொன்னதுதான்." வழக்கமாகச் சொல்லுகிற பதில். வாய் தானாகச் சொன்னது.

"அய்யோ பாவம். அப்புறம் அவ அப்பா வந்து கூட்டிட்டுப் போனாரா?"

பின்வரிசையில் பின்னிக்கொண்டிருந்த ஓல்ஹா, உக்ரைன்காரி, ஊசியை நிறுத்தாமல் சொன்னாள். "எந்த அப்பன் வந்திருக்கான்? கல்யாணத்துக்கு வருவானுங்க. சாவுக்கு வருவானுங்க."

"நீ சும்மா இரு. எங்கப்பாவா இருந்தா மலையத் தாண்டி வந்திருப்பாரு. சொல்லுங்க டீச்சர், வந்தாரா?"

அப்போதுதான் ஹிலரி சாக்பீஸைக் கீழே வைத்தாள். "தெரியல. புத்தகத்துல அது போடல" என்றாள்.

* * *

எழுபத்தாறு, பிப்ரவரி மூன்றாம் தேதி. ஹல் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஃபோன் பெட்டி. வெளியே முழங்கால் அளவு பனி. ஹிலரியிடம் ஒரே ஒரு காசுதான் இருந்தது. புருஷன் கிளைவ் வேலைக்குப் போனதும், கோட்டுக்குள் ராத்திரி உடையோடு ஓடிவந்திருந்தாள். கல்யாணமாகி பதினெட்டு மாதம்.

அப்பாதான் எடுத்தார். அவள் அந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

"ஒரு நிமிஷம்மா" என்றார் அப்பா.

பிறகு சத்தமே இல்லை. அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. வெகு நேரம் மாதிரி இருந்தது. பிறகு, "எல்லாம் சரியாயிடும் ஹிலரி. கொஞ்சம்…" என்று ஆரம்பித்தார். பீப் பீப் என்று காசு கேட்டது பெட்டி. போடக் காசு இல்லை. லைன் அறுந்தது.

மறுபடியும் அவள் கூப்பிடவில்லை. இரண்டு வருஷம் கழித்து, யாரையும் கூப்பிடாமல், தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

ஆனால் அந்த மௌனத்தை அவள் மறக்கவில்லை. அப்பா கட்டிப்பிடிக்கிற மனிதர் இல்லை. பிறந்தநாளுக்குக் கை கொடுப்பார். அப்படிப்பட்டவருக்கே அன்று பேச்சு வரவில்லை, நெஞ்சை அடைத்துவிட்டது என்று நினைத்தாள். தன்மேல் அப்பாவுக்கு எவ்வளவு பிரியம் என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே அத்தாட்சி அந்த ஒரு நிமிஷம்தான். அதை ஏழு வருஷம் பத்திரமாக வைத்திருந்தாள். அதை நம்பித்தான் பிங்லிக்குத் திரும்பிவர முடிவு செய்தாள்.

பஸ்ஸில் போகும்போது புத்தகம் மடியில் கனத்தது. திறக்கவில்லை. வேறு விதமாகவும் இருக்கலாமே என்று யோசித்துக்கொண்டே போனாள். அப்பா மறுநாள் ஞாபகத்திலிருந்து எழுதியிருக்கலாம். வேறு எவளோ ஒருத்தியும் அதே மாதிரி சொல்லியிருக்கலாம். இங்கிலாந்தில் பனி விழாத ஊரா, பொறுக்க முடியாத புருஷன் இல்லாத ஊரா?

* * *

அன்று நவம்பர் ஐந்தாம் தேதி, இங்கிலாந்து முழுக்கத் தெருத்தெருவாக நெருப்பு மூட்டிப் பட்டாசு வெடிக்கும் நாள். தெருக்கோடி மைதானத்தில் விறகும் உடைந்த நாற்காலியும் ஆள் உயரத்துக்குக் குவித்து வைத்திருந்தார்கள். இருட்டும் முன்பே யாரோ பட்டாசைக் கொளுத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

"வாடி வா, கதவச் சாத்து, பூனை அலமாரிக்குள்ள போய் உக்காந்திருக்கு." பெரில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "என்ன மூஞ்சி இது, வெளுத்துப்போய்? காலையில எதாவது சாப்பிட்டியா? பார்க்கின் கேக் செஞ்சிருக்கேன். மூணு நாளா டின்னுல வெச்சு ஊற வெச்சது. உங்கப்பா கண்ணு தெரியாதவரு மாதிரி நடிச்சு ரெண்டு துண்டு திருடிட்டாரு."

"அப்பா எங்க?"

"எங்க இருப்பாரு? வால் எண்ணிட்டு இருக்காரு. மைதானத்துப் பசங்க பழைய காகிதம் இருக்கான்னு கேட்டு வந்தானுங்க. ஒரு செகண்ட் அந்த ரூமப் பாத்தேன். அம்மாடி, அத்தனையும் கொடுத்தா லீட்ஸ் வரைக்கும் வெளிச்சம் தெரியும்." சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். "சரி, அப்புறம்? பதில் என்னடி? மெஷினத் தூக்கிடவா?"

"அப்பாகிட்ட ஒண்ணு கேட்டுட்டு வந்து சொல்றேம்மா."

"கேளு கேளு. டீ கொண்டுவரேன்."

வில்ஃப்ரெட் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். கண்ணின் ஓரத்தால் பார்க்கிறவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள்.

"ஹிலரியா? காலடிச் சத்தத்துலயே தெரிஞ்சுது. வா, வா. லண்டன் பதிப்பகத்துல இருந்து லெட்டர் வந்திருக்கு, படிச்சுச் சொல்லு. 'ரன்'ல ஆரம்பிக்கச் சொல்றானா, 'செட்'ல ஆரம்பிக்கச் சொல்றானான்னு தெரியல."

"அப்பா, 'புட்' எந்த இழுப்பறை?"

"இடது பக்கம், மூணாவது வரிசை. அது அச்சாயிடுச்சேம்மா. அத எதுக்கு இப்ப?"

அவள் இழுத்தாள். நானூறு சீட்டாவது இருக்கும். வால்களின் வரிசைப்படி ஒழுங்காக அடுக்கியிருந்தது. அதனால் தேட நேரம் ஆகவில்லை.

மேல் மூலையில் அந்த மூன்று சொல். நடுவில் அவளுடைய வாக்கியம். கீழே: பேச்சு. தொலைபேசி. 3.2.76. ஹி.

நீல மை. ஒவ்வொரு எழுத்தும் ஒரே உயரம். அடித்தல் திருத்தல் இல்லை.

"எழுத்து கொஞ்சங்கூட நடுங்கலப்பா" என்றாள் ஹிலரி.

"என்னம்மா?"

அவள் சீட்டைப் படித்தாள். தேதி வரைக்கும் படித்தாள். வில்ஃப்ரெட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அது போட்டிருந்தாலும் அவருக்கு ஒன்றும் தெரியாது.

"அந்த ஒரு நிமிஷம், 'ஒரு நிமிஷம்மா'ன்னீங்களே. அப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். இந்தத் தொடரில் இதுவரை அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

"எழுதிட்டிருந்தேன்."

"ஓ."

"ஆறு மாசமா அந்த அர்த்தத்துக்குப் பேச்சுவழக்குல ஒரு வாக்கியம் கிடைக்கல. எல்லாம் பேப்பர்ல வந்ததுதான் இருந்துச்சு. லண்டன்ல இருந்து கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நீ சொன்னதும்… கை தானா போச்சு ஹிலரி. நான் யோசிக்கல."

"சந்தோஷமா இருந்துச்சா?"

வெளியே ஒரு வாணம் சீறிக்கொண்டு போய் வெடித்தது.

"ஒரு செகண்ட்" என்றார் வில்ஃப்ரெட். "ஒரே ஒரு செகண்ட். அப்புறம்தான் நீ என்ன சொன்னேன்னு கேட்டுச்சு."

ஹிலரி ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்தாள். கோபம் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. பத்திரமாக வைத்திருந்த பொருளை எடுத்துப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லாத மாதிரி இருந்தது.

"பேரு போடலம்மா" என்றார் அவர், மெதுவாக. "யாருன்னு யாருக்கும் தெரியாது."

"பேரு போட்டிருந்தாப் பரவாயில்லப்பா. படிச்சவங்க யாராவது தேடி வந்திருப்பாங்க."

வாசலில் கப்புகள் கடகடவென்று ஆடின. பெரில் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

"எந்த ஃபோன்?" என்றாள்.

ஹிலரி சீட்டை மேஜைமேல் வைத்தாள்.

"நான் கேக்கறேன்ல. எழுபத்தாறுல எந்த ஃபோன்? ஹிலரி, நீ ஹல்லுல இருந்து ஃபோன் பண்ணியா? கிளைவ் கூட இருக்க முடியாதுன்னா பண்ணின?"

"பண்ணேம்மா."

"எனக்குத் தெரியாதே."

"அப்பா சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன். சொல்லியும் நீ வரலன்னு நெனச்சேன்."

பெரில் தட்டை மேஜைமேல், சீட்டுகளுக்கு மேலேயே வைத்தாள். அந்த அறையில் யாரும் செய்யாத காரியம் அது. வில்ஃப்ரெட் தடுக்கவில்லை.

"நான் வரலன்னு…" பெரில் மகளுடைய முகத்தையே பார்த்தாள். பிறகு அவள் பார்வை இடது காதில் நின்றது. "இது? இது காய்ச்சல்ல போச்சுன்னு சொன்னியே?"

"காய்ச்சல் இல்லம்மா."

"எப்ப?"

"அந்த ஃபோனுக்கு அடுத்த வருஷம். அக்டோபர்ல."

வில்ஃப்ரெட் எழுந்து நின்றார். மகள் எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று தெரியாமல் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே கையை நீட்டினார். அந்தக் கை ஒரு நிமிஷம் காற்றில் இருந்தது. ஹிலரி அதைப் பார்த்தாள். எட்டிப் பிடிக்கிற தூரம்தான். பிடிக்கவில்லை.

"மெஷின் அங்கேயே இருக்கட்டும்மா" என்றாள். "அப்பா, சீட்டு படிக்க வேற யாரையாவது பாத்துக்கோங்க. நல்லா படிக்கற பொண்ணுங்க இருக்காங்க, நானே அனுப்பறேன். என்னால முடியாது. கோவத்துல சொல்லல. இந்த ரூம்ல உக்காந்து நான் எதாவது சொன்னா, நீங்க கேக்கறீங்களா எழுதறீங்களான்னு எனக்குத் தெரியாது."

கோட்டை மாட்டிக்கொண்டாள். போகிற வழியில் புத்தகத்தை ஃபோன் மேஜைமேல் வைத்தாள். அங்கே இன்னும் ஒரு சீட்டுக்கட்டு இருந்தது, பேனாவோடு. கதவை ஓங்கிச் சாத்தவில்லை. சத்தமில்லாமல்தான் சாத்தினாள்.

மைதானத்தில் நெருப்பு வைத்துவிட்டார்கள். அவள் அதன் ஓரமாகத்தான் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். வலது பக்கம் குழந்தைகள் கத்துவது கேட்டது.

* * *

டீ ஆறிப்போனது. பார்க்கினை யாரும் தொடவில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல வில்ஃப்?"

"நீ அன்னைக்கு ஷிப்லில உங்கக்கா வீட்டுல இருந்த."

"சாயங்காலம் வந்தேன்ல?"

"வந்த."

"வந்து, ஏன் இப்படி இருட்டுல உக்காந்திருக்கன்னு கேட்டேன். ஞாபகம் இருக்கு. ஃபோனுக்குப் பக்கத்துல நாற்காலியப் போட்டு உக்காந்திருந்த. மத்தியானம் சாப்பிடக்கூட இல்ல. நான், லண்டன்காரன் கூப்பிடுவான்னு காத்திருக்கன்னு நெனச்சுத் திட்டினேன். ஏன் சொல்லல?"

"மறுபடியும் அவ கூப்பிடுவாளான்னு பாத்தேன். கூப்பிட்டா சொல்லலாம்னு. கூப்பிடல. அடுத்த வாரம் நீ பேசினப்ப, நல்லாயிருக்கேன்னு சொன்னா."

"நல்லாயிருக்கேன்னுதான்யா சொல்லுவா! புருஷன் பக்கத்துல நின்னா வேற என்ன சொல்லுவா? வாலுக்கெல்லாம் அர்த்தம் தெரியும், இதுக்குத் தெரியாதா உனக்கு?"

அவர் தலை குனிந்தார்.

பெரில் சீட்டை விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். திருப்பினாள். "பின்னாடி பென்சில்ல என்னமோ இருக்கு."

வில்ஃப்ரெட் மேஜைமேல் மூக்குக்கண்ணாடியைத் தடவித் தேடினார்.

"கிறுக்கல். உன் எழுத்து மாதிரியே இல்ல." கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். "பிங்லி ஒண்ணு அஞ்சு. லீட்ஸ் ரெண்டு பத்து. ஹல் மூணு இருபத்தி நாலு… இது என்ன வில்ஃப்?"

"ரயில்."

"தெரியுது ரயில்னு."

"ஸ்டேஷனுக்கு ஃபோன் பண்ணிக் கேட்டேன். பனி இருந்தாலும் ஓடுதுன்னாங்க. கோட்டுகூடப் போட்டேன் பெரில். அப்புறம், நான் கிளம்பின நேரத்துல அவ கூப்பிட்டா எடுக்க ஆள் இல்லையேன்னு… உக்காந்தேன். அடுத்த வண்டிக்குப் போலாம்னேன். அதுக்கடுத்த வண்டிக்குப் போலாம்னேன்."

"ஒரே ஒரு வண்டி மாறணும்."

"ஆமா."

"எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் போயிருப்பேன். செருப்பில்லாமப் போயிருப்பேன்."

"தெரியும். அதனாலதான் அப்புறம் சொல்ல முடியல. ஒரு நாள் போச்சு. ரெண்டு நாள் போச்சு. எப்படிச் சொல்றது? முதல்லயே ஏன் சொல்லலன்னு கேப்ப."

பெரில் சீட்டை மேஜைமேல் திருப்பி வைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தாள். "இந்தப் பக்கத்த அவ பாக்கலையே" என்றாள்.

"வேணாம். காட்டாத."

"ஏன்?"

"போகணும்னு தெரிஞ்சிருந்தும் போகலன்னு ஆகும்."

"அதுதானே நெஜம்."

"ஆமா" என்றார் வில்ஃப்ரெட். "அதுதான் நெஜம்."

நாற்பது வருஷத்தில் முதல்முறையாக பெரில் தன் தலையணையை எடுத்துக்கொண்டு தையல் மெஷின் இருந்த அறைக்குப் போய்ப் படுத்தாள். வில்ஃப்ரெட் இழுப்பறையைச் சாத்தாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பெரில் சர்ச்சுக்குப் போகவில்லை. சின்னப் பெட்டியை எடுத்துக்கொண்டு, ஒன்பதே கால் முதல் பஸ்ஸில் கீத்லிக்குப் போனாள். சீட்டு அவள் கைப்பையில் இருந்தது. டீ போட்டு, ஆறாமல் இருக்க ஜாடிக்குக் கம்பளி உறை மாட்டி வைத்துவிட்டுப் போயிருந்தாள். வில்ஃப்ரெட் பத்து மணிக்குக் கீழே வந்து அவளை இரண்டு தடவை கூப்பிட்டார். பிறகு நாற்காலியை இழுத்து ஃபோனுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.